புதுப்பித்த பழைய விறகு அடுப்பை ஏற்கெனவே உள்ள புகைபோக்கியில் பொருத்துவது எப்படி?

கேள்வி இதுதான்: துரு நீக்கிப் புதுப்பித்த பழைய வார்ப்பிரும்பு விறகு அடுப்பு ஒன்று இருக்கிறது. பின்பக்கம் புகை வெளியேறும் 6 அங்குலக் கழுத்து. வீட்டில் செங்கல் புகைபோக்கி ஏற்கெனவே உண்டு. சுவரில் இருக்கும் வட்டத் துளையைத் தகர மூடியால் அடைத்திருக்கிறார்கள். மூடியைக் கழற்றிவிட்டுக் குழாயைச் சொருகினால் போதுமா? அடுப்பைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும்?

சொருகினால் மட்டும் போதாது. உங்கள் கையில் இருப்பது அடுப்பு, புகைபோக்கி என்று இரண்டு பழைய பொருள்கள். இரண்டின் கடந்தகாலமும் உங்களுக்குத் தெரியாது. இரண்டையும் தனித்தனியாகச் சோதித்து முடித்த பிறகுதான் ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். பெரும்பாலானோர் அடுப்பில் மாதக்கணக்கில் உழைத்துவிட்டு, புகைபோக்கியை டார்ச் அடித்து ஒரு முறை எட்டிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தீ விபத்துக்கு வழி விடுவது பெரும்பாலும் அடுப்பல்ல, அதற்குப் பின்னால் சுவருக்குள் மறைந்திருக்கும் பகுதிதான்.

கீழே சொல்லும் தூரங்களும் அளவுகளும் அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் வெளியிடும் என்.எஃப்.பி.ஏ. 211 தரவிதியை ஒட்டியவை. தரச்சான்று முத்திரை இல்லாத பழைய அடுப்புகளுக்கென்றே அதில் தனி எண்கள் உண்டு என்பதால் எடுத்துக்கொண்டேன். உங்கள் ஊர்க் கட்டட விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுவே செல்லும். வீட்டுக் காப்பீடு இருந்தால், வேலையைத் தொடங்கும் முன்பே அவர்களிடம் கேட்டுவிடுங்கள். முத்திரை இல்லாத அடுப்பைச் சில காப்பீட்டாளர்கள் ஏற்பதில்லை.

முதலில் அடுப்பு. புதுப்பித்தது என்றால் பல நேரம் துருவை எடுத்துக் கறுப்பு பூசியது என்றுதான் அர்த்தம். அது காற்றுப் புகாமல் மூடுமா என்பது வேறு விஷயம். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, எரியறைக்குள் பிரகாசமான எல்.இ.டி. விளக்கு ஒன்றை வைத்து எல்லாக் கதவுகளையும் மூடிச் சுற்றி வந்து பாருங்கள். தகடுகள் சேரும் மூலைகளில் கீற்றாக வெளிச்சம் தெரிந்தால், அந்த இணைப்பில் இருந்த பழைய அடுப்புச் சிமெண்ட் உதிர்ந்துவிட்டது. அதை எடுத்துவிட்டுப் புதிதாக வைக்கலாம், ஆனால் சுரண்டும் முன் கீழே உள்ள ஆஸ்பெஸ்டாஸ் எச்சரிக்கையைப் படியுங்கள். ஆனால் தகட்டின் நடுவில் கோடு போல வெளிச்சம் தெரிந்தால் அது விரிசல். சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். நல்ல வார்ப்பிரும்பு மணி போல ஒலிக்கும், விரிசல் விட்டது உடைந்த பானையைத் தட்டியது போலக் கேட்கும்.

எரியறைச் சுவரில் விரிசல் இருந்தால் சிமெண்டைத் தேய்த்து மறைப்பது வேலைக்கு ஆகாது. நாலு முறை சூடாகி ஆறினால் அது உதிர்ந்துவிடும். வார்ப்பிரும்பை வெல்டிங் செய்ய, முன்கூட்டிச் சூடாக்கி, நிக்கல் ராடு பிடித்து, மெதுவாக ஆறவிடத் தெரிந்த ஆள் வேண்டும். அவசரப்பட்டால் பற்று வைத்த இடத்துக்கு அரை அங்குலம் தள்ளிப் புது விரிசல் ஓடும்.

பல பழைய அடுப்புகளில் மேல் தகட்டையும் அடித்தகட்டையும் நீளமான போல்ட்டுகள்தான் இழுத்துப் பிடித்திருக்கும். அவற்றை முறுக்கி இறுக்காதீர்கள். சூட்டில் இரும்பு விரிய இடம் வேண்டும், இடம் கிடைக்காவிட்டால் தகடு வெடிக்கும். மரைகளில் சூடு தாங்கும் ஆன்டி-சீஸ் பசை தடவினால் அடுத்த முறை கழற்றும்போது போல்ட் முறியாது. கதவில் காற்றை அடைக்கும் கயிறு கேஸ்கெட் இருந்தால் ஒரு காகிதத் துண்டை நடுவில் வைத்துக் கதவைப் பூட்டி இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் எல்லா இடத்திலும் பிடிக்க வேண்டும். வழுவழுவென்று வெளியே வரும் இடத்தில் காற்று உள்ளே போகிறது, அந்த அடுப்பை அடக்கி எரிக்க முடியாது.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய கேஸ்கெட் கயிறு, அடுப்புக்கு அடியில் வைத்த சாம்பல் நிற அட்டை, இணைப்புகளில் பூசிய பழைய சிமெண்ட் ஆகியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், கம்பி பிரஷ் போடாதீர்கள், வீட்டு வாக்குவம் கிளீனரால் இழுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் சோதனைக்குக் கொடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ்தான் என்று தெரிந்தால் அதை அகற்றத் தகுதி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள்.

இனி புகைபோக்கி. அடுப்பு என்பது ஒரு பெட்டிதான், அதை எரிய வைப்பது புகைபோக்கியின் இழுப்பு. உள்ளே சூடான புகை லேசாகி மேலே ஏறும்போது கீழே உறிஞ்சல் உண்டாகிறது, அந்த உறிஞ்சல்தான் காற்றுத் துவாரம் வழியே காற்றை இழுத்து நெருப்பை ஊதுகிறது. அதனால் புகைபோக்கி குளிர்ந்தால் நெருப்பும் மந்தமாகும், அறைக்குள் புகையும் வரும்.

உச்சி முதல் அடிவரை கேமரா விட்டுப் பார்ப்பதே சரியான சோதனை. முதலில் நன்றாகத் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள், கரி மூடியிருக்கும்போது விரிசல் தெரியாது. உள்ளே சுடுமண் குழாய்கள் அடுக்கியிருக்கின்றனவா, அல்லது வெறும் செங்கல்லா? வெறும் செங்கல் என்றால் லைனர் (உள்ளே இறக்கும் உட்குழாய்) போடாமல் பயன்படுத்தக் கூடாது. சாந்து உதிர்ந்த இடுக்கு வழியே சூடும் புகையும் சுவருக்குள் இருக்கும் மரச்சட்டத்தைத் தேடிப் போகும். சுடுமண் குழாய் இருந்தாலும் அதில் நெடுக ஓடும் விரிசல், இணைப்புகளில் சாந்து காணாமல் போனது, தேன்கூடு போல உப்பிய கரிச் செதில்கள் ஆகியவை தெரிந்தால், முன்பு எப்போதோ புகைபோக்கிக்குள் தீப்பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட தீயில் உள்ளே 1,000 டிகிரி செல்சியஸ்கூடத் தாண்டும். சுடுமண் அந்தத் திடீர்ச் சூட்டைத் தாங்காமல் பிளக்கும். முதல் தீயில் வீடு தப்பியிருக்கலாம், பிளந்த குழாயோடு இரண்டாவது தீயைச் சந்திக்கக் கூடாது.

கூரைக்கு மேலே, புகைபோக்கி கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயர்ந்திருக்க வேண்டும். அதோடு, 10 அடி தூரத்துக்குள் உள்ள கூரையின் எந்தப் பகுதியைவிடவும் 2 அடி உயரமாக இருக்க வேண்டும். இதில் குறைந்தால் காற்று கூரையில் மோதிப் புகையைக் கீழே அமுக்கும். மேலே மழை மூடி உண்டா, உச்சிக் காரை விரிசல் இல்லாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். கீழே சாம்பல் எடுக்கும் சிறு கதவு இறுக்கமாக மூட வேண்டும். அது ஓட்டையாக இருந்தால் புகைபோக்கி அடுப்பை இழுக்காமல் அந்த ஓட்டையிலிருந்தே காற்றை இழுத்துக் குளிர்ந்துபோகும். அதே புகைவழியில் கேஸ் வாட்டர் ஹீட்டரோ வேறு அடுப்போ சேரக் கூடாது. ஒரு புகைவழிக்கு ஓர் அடுப்புதான்.

கைவிடப்பட்ட துளைகளையும் தேடிக் கண்டுபிடியுங்கள். முன்பு மாடியில் இன்னோர் அடுப்பு இருந்திருக்கும், அதன் துளையைத் தகரத் தட்டால் மூடி மேலே சுவர்க்காகிதம் ஒட்டியிருப்பார்கள். உள்ளே தீப்பிடித்தால் அந்தத் தட்டு அப்படியே தெறித்து விழும், படுக்கையறைக்குள் நெருப்பு வாய் திறக்கும். அத்தகைய துளைகளைச் செங்கல்லும் தீ தாங்கும் சாந்தும் வைத்து முழுத் தடிமனுக்கும் அடைக்க வேண்டும்.

அளவுப் பொருத்தத்தைப் பலரும் கவனிப்பதில்லை. 6 அங்குலக் கழுத்தின் வெட்டுப்பரப்பு ஏறத்தாழ 28 சதுர அங்குலம். புகைபோக்கி வீட்டுக்குள்ளேயே எழும்பினால் புகைவழியின் பரப்பு இதைப் போல 3 மடங்கு, அதாவது 85 சதுர அங்குலம் வரை போகலாம். வெளிச்சுவரில் குளிரில் நிற்கும் புகைபோக்கி என்றால் 2 மடங்குதான், 57 வரை. உள்ளே அளந்து 7க்கு 11 அங்குலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், 77 வருகிறது. வீட்டு நடுவில் நிற்கும் புகைபோக்கிக்கு இது சரி, வெளிச்சுவருக்கு அதிகம். 10க்கு 10 என்றால் இரண்டுக்கும் ஆகாது. இடம் பெரிதானால் புகை சோம்பலாக ஏறும், ஏறும் வழியிலேயே குளிரும், அதில் உள்ள தார் ஆவி சுவரில் படிந்து கிரியோசோட் ஆகும்.

விரிசல், வெறும் செங்கல், அளவு மீறல் ஆகிய மூன்றுக்கும் மருந்து ஒன்றே: கழுத்தின் அளவிலேயே 6 அங்குலத் துருப்பிடிக்காத எஃகு லைனர், விறகுக்கு 316 தரம், அதைச் சுற்றி அரை அங்குலத் தடிமனில் செராமிக் கம்பளிப் போர்வை. போர்வையை மிச்சம் பிடிக்காதீர்கள். புகையைச் சூடாக வைத்திருப்பதும், செங்கல்லுக்கு வெளியே ஒட்டி நிற்கும் மரத்தைக் காப்பதும் அதுதான். சுடுமண் குழாய்க்குள் போர்வையோடு லைனர் இறங்கவில்லை என்றால் குழாயை உடைத்து எடுத்துவிட்டு இறக்குவார்கள். லைனரின் அடியில் டி வடிவ இணைப்பு, அதன் கீழ்வாயில் கழற்றக்கூடிய மூடி. பிரஷ் விட்டால் கரி அங்கே வந்து விழும், எடுத்துவிடலாம்.

இப்போது அந்த வட்டத் துளைக்கு வருவோம். மொத்த வேலையிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். மூடியைக் கழற்றி, கையளவுக் கண்ணாடியையும் டார்ச்சையும் உள்ளே நீட்டிப் பாருங்கள். துளையின் ஓரத்தில் என்ன தெரிகிறது? வெறும் செங்கல், அதற்குள் சுடுமண் உருளை என்றால் நல்லது. பூச்சுக்குப் பின்னால் மரப்பட்டியோ கட்டையோ எட்டிப் பார்த்தால், அதிலும் அது பழுப்பேறிக் கருகிய நிறத்தில் இருந்தால், வேலையை நிறுத்துங்கள். மரம் எரிய நேரடி நெருப்பே வேண்டும் என்பதில்லை. வருடக்கணக்கில் சூடு பட்டுப் பட்டு உலர்ந்த மரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரியாகிறது, புது மரம் பற்றிக்கொள்ளும் வெப்பத்தைவிட மிகக் குறைந்த வெப்பத்திலேயே அது பற்றிவிடும். நேற்றுவரை ஒன்றும் ஆகவில்லையே என்ற ஆறுதல் இங்கே செல்லாததற்குக் காரணம் அதுதான்.

குழாய் மரச்சட்டச் சுவர் வழியாகப் போகிறது என்றால், சுடுமண் உருளையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 12 அங்குலம் திடமான செங்கல் கட்டு இருக்க வேண்டும். 8 அங்குல வெளிவிட்டம் உள்ள உருளைக்குச் சுவரில் 32 அங்குலச் சதுரம் வெட்ட வேண்டியிருக்கும். பெரிதாகத் தோன்றும், ஆனால் வேண்டும். இடம் இல்லையென்றால் சுவரைக் கடப்பதற்கென்றே தரச்சான்றோடு வரும் ஆயத்தப் பெட்டியை வாங்கிப் போடலாம்.

லைனர் போட்டால் புகைக்குழாய் நேரே அதன் டி இணைப்பின் வாயில் சொருகி ஸ்க்ரூவால் பூட்டப்படும். சுடுமண் புகைவழியையே பயன்படுத்தினால், குழாய் உருளைக்குள் நுழைந்து புகைவழியின் உட்சுவரோடு சமமாக முடிய வேண்டும். ஓர் அங்குலம் உள்ளே நீண்டாலும் புகைக்கு அது தடை, பிரஷும் மாட்டிக்கொள்ளும். முதலில் ஒரு குச்சியை உள்ளே விட்டு உட்சுவர் வரை அளந்து, அந்த அளவைக் குழாயில் சுற்றிலும் கோடு போட்டுக்கொள்ளுங்கள். குழாய்க்கும் உருளைக்கும் இடையிலான இடைவெளியைச் செராமிக் கயிற்றால் அடையுங்கள். கெட்டிச் சிமெண்ட் பூசினால் அடுத்த சுத்திகரிப்பின்போது உருளையையே உடைக்க வேண்டி வரும்.

புகைக்குழாய் 24 கேஜ் கறுப்பு எஃகாக இருக்கட்டும். ஜி.ஐ. குழாய் வேண்டாம், அதிகச் சூட்டில் துத்தநாகப் பூச்சு புகையாகும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு முனை மடிப்பு வைத்துச் சுருக்கப்பட்டிருக்கும். அந்தச் சுருங்கிய முனை அடுப்பைப் பார்த்துக் கீழ்நோக்கி இருக்க வேண்டும். புகை மேலே போகிறதே, மேல்நோக்கி அல்லவா சொருக வேண்டும் என்று பலருக்கும் தோன்றும். புகையைப் பற்றிக் கவலை வேண்டாம், உறிஞ்சலே அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். கீழே வழிந்து வருவது தார். சுருங்கிய முனை கீழ்நோக்கி இருந்தால் தார் குழாயின் உள்பக்கமாகவே வழிந்து நெருப்பில் விழுந்து எரிந்துவிடும். தலைகீழாகப் போட்டால் ஒவ்வொரு இணைப்பிலும் கரும்பழுப்புக் கோடு வெளியே வழியும், அந்த நாற்றம் வீட்டை விட்டுப் போகாது.

ஒவ்வொரு இணைப்புக்கும் மூன்று ஸ்க்ரூ, அடுப்புக் கழுத்திலும் அப்படியே. உள்ளே தீப்பிடித்தால் குழாய் ரயில் போல அதிரும், ஸ்க்ரூ இல்லாத இணைப்பு கழன்றுவிடும். கிடையாகப் போகும் பகுதி அடிக்குக் கால் அங்குலம் வீதம் புகைபோக்கியை நோக்கி ஏற வேண்டும். 90 டிகிரி வளைவு இரண்டுக்கு மேல் வேண்டாம். பழைய கழுத்து முட்டை வடிவில் இருந்தால் வட்டமாக்கும் இணைப்பு கிடைக்கும். 7 அங்குலக் கழுத்தாக இருந்தால் 6க்குக் குறைக்காதீர்கள். பழைய அடுப்புகள் எவ்வளவு அடைத்தாலும் கொஞ்சம் காற்றைக் கசியவிடும் என்பதால், கழுத்திலிருந்து ஒன்றரை அல்லது இரண்டு அடி மேலே வார்ப்பிரும்புத் திருகு டேம்பர் (புகை போகும் வழியைக் கூட்டிக் குறைக்கும் தகடு) ஒன்று போடுவது நல்லது. முழுக்க மூடினாலும் சிறிது வழி விடும்படி துளையுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

சுவரிலிருந்து தூரம்: முத்திரை இல்லாத அடுப்புக்கு எரியக்கூடிய எந்தப் பொருளிலிருந்தும் 36 அங்குலம், ஒற்றைச் சுவர்ப் புகைக்குழாய்க்கு 18 அங்குலம். ஜிப்சம் பலகைச் சுவரும் இதில் அடக்கம், பின்னால் மரச்சட்டம் இருக்கிறது. இந்த 36ஐ 12 ஆகவும், குழாயின் 18ஐ 6 ஆகவும் குறைக்க வழி உண்டு. 24 கேஜ் தகட்டுக் கவசத்தைச் சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, எரியாத இடைக்கட்டைகள் மேல் நிறுத்த வேண்டும். அடியிலும் உச்சியிலும் ஓர் அங்குலம் திறந்தே இருக்க வேண்டும், இடைக்கட்டை அடுப்புக்கு நேர் பின்னால் வரக் கூடாது. இங்கே வேலை செய்வது தகடல்ல, தகட்டுக்குப் பின்னால் கீழிருந்து மேலே ஓடும் காற்றுதான். அதனால் சுவரிலேயே டைலோ மெல்லிய அலங்காரச் செங்கலோ ஒட்டிவிட்டு அடுப்பை நெருக்கி வைப்பது பெரிய தவறு. டைல் எரியாது, ஆனால் சூட்டை அப்படியே பின்னால் இருக்கும் மரத்துக்குக் கடத்திவிடும்.

தரை மரமாக இருந்தால் அடுப்பின் கால் உயரம்தான் முடிவு செய்யும். 6 அங்குலத்துக்கு மேல் என்றால் 2 அங்குலத் தடிமன் கல் அல்லது செங்கல் நெருக்கமாகப் பரப்பி மேலே 24 கேஜ் தகடு. 2 முதல் 6 அங்குலம் என்றால் 4 அங்குல உள்கூடு கற்களைத் துளைகள் ஒன்றுக்கொன்று நேராக வரும்படி படுக்கவைத்து, மேலே அதே தகடு. 2 அங்குலத்துக்கும் குறைந்த கால் என்றால் மரத்தரையில் வைக்கவே கூடாது. இந்தப் பாதுகாப்புத் தளம் அடுப்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் 18 அங்குலம் நீள வேண்டும். அடுப்பை இழுத்து நகர்த்தாமல் தூக்கி வையுங்கள். பல பழைய அடுப்புகளில் கால்கள் வெறும் பள்ளத்தில் செருகி நிற்பவை, இழுத்தால் ஒரு கால் கழன்று மொத்தப் பாரமும் சாயும்.

எல்லாம் முடிந்ததும் உடனே பெரிய நெருப்பு மூட்டாதீர்கள். சிமெண்ட் ஒரு நாளாவது காயட்டும். பிறகு சுள்ளி மட்டும் வைத்து அரைமணி நேரச் சிறு நெருப்பு, முழுக்க ஆறவிட்டு அடுத்தது கொஞ்சம் பெரிது, அதையும் ஆறவிட்டு மூன்றாவது. சிமெண்டில் மிஞ்சிய ஈரம் திடீரென்று கொதித்தால் குமிழ் விட்டுப் பொரிந்துவிடும். புது பெயிண்ட் புகைந்து நாறும், சன்னல்களைத் திறந்து வையுங்கள். சாம்பல் தட்டும் கம்பித் தட்டும் இல்லாத பெட்டி அடுப்பாக இருந்தால், அடியில் ஓர் அங்குலம் மணல் பரப்பிய பிறகே மூட்டுங்கள், அடித்தகடு நெருப்பை நேரடியாக வாங்கக் கூடாது.

முதல் நாள் அறைக்குள் புகை வந்தால் உடனே அடுப்பைக் குறை சொல்ல வேண்டாம். குளிர்ந்த புகைபோக்கியில் கனத்த காற்று கீழே இறங்கிக்கொண்டிருக்கும். ஒரு காகிதத்தைக் கசக்கி அடுப்புக்குள் கழுத்துக்குப் பக்கத்தில் எரித்து, இழுப்பு திரும்பியதும் சுள்ளியைப் பற்றவையுங்கள். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் நிறுத்துங்கள், அது வீட்டுக் காற்றை வெளியே தள்ளிப் புகையை உள்ளே இழுக்கும். சன்னலைச் சற்றுத் திறந்ததும் புகை நின்றால் வீட்டுக்குக் காற்று வரத்து போதவில்லை என்று புரிந்துகொள்ளலாம். அதே அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும், புகை அலாரம் ஒன்றும் கட்டாயம் வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது.

விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ் இருக்க வேண்டும். ஈரமானியை வெளிப்பட்டையில் குத்தாமல், கட்டையைப் பிளந்து புது முகத்தில் குத்திப் பாருங்கள். ஈர விறகு தன் தண்ணீரை ஆவியாக்கவே சூட்டைச் செலவழிக்கும், மிச்சம் புகைபோக்கியில் தாராகப் படியும். கழுத்திலிருந்து ஒன்றரை அடி மேலே குழாயின் வெளிப்பக்கம் காந்த வெப்பமானி ஒட்டி வைத்தால், 120க்கும் 240 டிகிரி செல்சியஸுக்கும் இடையில் ஓட்டலாம். அதற்குக் கீழே நெடுநேரம் புகையவிட்டால் கிரியோசோட் சேரும். இரவு முழுவதும் எரியட்டும் என்று எரியறையை விறகால் நிரப்பிக் காற்றை அடைத்துவிட்டுத் தூங்கும் பழக்கம்தான் பெரும்பாலான புகைபோக்கிகளைக் கெடுக்கிறது.

முதல் மாதம் எரித்த பிறகு குழாயைக் கழற்றிப் பாருங்கள். படிவு 3 மில்லிமீட்டர் தடிமன் ஆகியிருந்தால் சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது, 6 ஆகியிருந்தால் அதைச் சுத்தம் செய்யும்வரை நெருப்பு மூட்டாதீர்கள். உலர்ந்த பொடியாக இருந்தால் பிரஷுக்கு வந்துவிடும். கண்ணாடி போலப் பளபளக்கும் தார் பிரஷுக்கு வராது, அதற்குத் தொழில்முறை ஆள் தேவை, உங்கள் விறகையும் காற்று வைக்கும் முறையையும் மாற்ற வேண்டும் என்பதற்கு அடையாளமும் அதுவே. எப்போதாவது குழாய் உறுமி அதிர்ந்தால் காற்றுத் துவாரம், டேம்பர் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு எல்லோரையும் வெளியே அனுப்பித் தீயணைப்புத் துறையை அழையுங்கள். சூடான சுடுமண் குழாயில் தண்ணீரை ஊற்றாதீர்கள், அது அப்போதே வெடிக்கும். அணைத்த பிறகும், கேமரா விட்டு மறுபடி சோதிக்காமல் அந்தப் புகைபோக்கியில் நெருப்பு மூட்டக் கூடாது.

எடுத்த சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வெளியே வெறும் தரையில் வையுங்கள். உள்ளே புதைந்த கங்கு நாட்கணக்கில் உயிரோடு இருக்கும்.